ஒரு பீஸ் கிடைக்குமா?

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவில் கிடைக்காதது எதுவும் இல்லை என்பார்கள். செல்போன் கண்ணாடி, கண்காணிப்பு கேமரா, லேப்டாப் பேட்டரி, எல்.இ.டி. பட்டை என எல்லாம் நடைபாதை வரை வழிந்து கிடக்கும். அங்கே ஒரு கடையில் போய், பழைய யூனிஜங்ஷன் டிரான்சிஸ்டர் ஒன்றின் எண்ணைச் சொல்லி, "அண்ணே, 2என்2646 ஒரு பீஸ் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். "ப்ராஜெக்ட்டா தம்பி?" என்பார் கடைக்காரர். அடுத்து, "அது இப்ப வர்றதில்லையே. பின்னாடி மாடியில ஒரு கடை இருக்கு, பழைய சரக்கு வெச்சிருப்பாரு, கேட்டுப் பாருங்க" என்பார்.

அந்த மாடிப்படி ஏறுகிறவர்கள் பலவிதம். பொறியியல் கல்லூரி மாணவர், ஹாம் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர், தாத்தாவின் மர்ஃபி ரேடியோவை மறுபடி பாட வைக்க நினைப்பவர், வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்பவர், கிடாருக்கு எஃபெக்ட் பெடல் கட்டுபவர். இவர்களில் பெரும்பாலோர் காசுக்காகச் செய்வதில்லை. தன் கையால் பற்றவைத்த ஒன்று உயிர்பெற்று ஓடுவதைப் பார்க்கும் ஆசைதான். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான சிக்கலும் ஒன்றுதான்: வேண்டியது ஒரே ஒரு பீஸ்.

எலெக்ட்ரானிக்ஸ் சந்தை ஒற்றை பீஸுக்காக நடப்பதில்லை. இன்றைய சின்னஞ்சிறு ரெசிஸ்டர்கள் ஒரு சுருளுக்கு 5,000 என்ற கணக்கில் தொழிற்சாலைக்குப் போகின்றன. டிரான்சிஸ்டர் என்றால் சுருளுக்கு 3,000. அங்கே இயந்திரம் அவற்றை எடுத்துப் போர்டில் ஒட்டுகிறது. மனிதக் கை படுவதே இல்லை. கையால் பற்றவைக்கத் தோதாக நீளக் கால்கள் கொண்ட பாகங்களை வாங்க ஆள் குறைந்துவிட்டது. வாங்க ஆளில்லாததைத் தயாரிப்பாளர் நிறுத்திவிடுகிறார். ரேடியோ கட்டுபவர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்த எம்.பி.எஃப்.102, ஜே310 போன்ற ஃபெட் வகை டிரான்சிஸ்டர்கள் நீளக் கால் வடிவில் அரிதானது இப்படித்தான். ஜே310 அரிசிமணி அளவில் இன்னமும் தயாராகிறது. ஆனால் அதைப் பழைய சர்க்யூட்டில் பொருத்த தனியாக ஓர் அடாப்டர் போர்டு வேண்டும்.

ஒற்றை பீஸ் தேடும் இந்தத் தவிப்பு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல, புதியதும் அல்ல. உலகின் மிகப் பெரிய பாக விற்பனை நிறுவனங்களில் இரண்டு, இந்தத் தவிப்பிலிருந்தே பிறந்தவை. கலிபோர்னியாவில் ஜெர்ரி மவுசர் என்ற பள்ளி இயற்பியல் ஆசிரியர், தன் மாணவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கப் பாகங்கள் கிடைக்காமல், தானே வாங்கி விற்க ஆரம்பித்தது 1964-ல். அதுதான் இன்றைய மவுசர் நிறுவனம். மினசோட்டா மாநிலத்தின் தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் ரொனால்ட் ஸ்டோர்டால் என்ற ஹாம், மோர்ஸ் தந்திக் குறியீடு அனுப்ப 'டிஜி-கீயர்' என்றொரு கிட் செய்து விற்றார். கிட்டைவிட அதிலுள்ள பாகங்களைக் கேட்டவர்களே அதிகம். 1972-ல் டிஜி-கீ பிறந்தது. இன்று பெருந்தொழிற்சாலைகளுக்கு விற்கும் இந்த இரண்டும், ஒற்றை பீஸ் கேட்டு வருபவரையும் இன்றுவரை மதித்து அனுப்பிவைக்கின்றன.

இருக்கும் சரக்கு தீர்ந்துவிட்டால் பெரிய இடத்துக்கும் இதே கதிதான். 2002-ல் நாசா, விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் சோதிக்கும் கருவிகளுக்காக, 1978-ல் அறிமுகமான இன்டெல் 8086 சிப்புகளை இணைய ஏலத்தில் தேடி வாங்கியது. கருவி நன்றாகத்தான் இருந்தது, சிப்தான் சந்தையில் இல்லை.

எங்கோ நடக்கும் விபத்தும் ஒரு பாகத்தை ஒரே இரவில் அரிய பொருளாக்கிவிடும். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் அசாஹி கசெய் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை எரிந்தது. டிஜிட்டல் இசையை ஒலியாக மாற்றும் தரமான டி.ஏ.சி. சிப்புகள் பல அங்கிருந்து வந்தன. வீட்டில் டி.ஏ.சி. கட்டுபவர்கள் உலகெங்கும் கைபிசைந்து நின்றார்கள். அடுத்த மார்ச்சில் அதே நாட்டில் ரெனெசாஸ் ஆலையில் தீ. அதற்கு முந்தைய மாதம் டெக்சாஸில் பனிப்புயலால் சிப் ஆலைகள் மின்சாரமின்றி மூடிக் கிடந்தன. கொரோனா குழப்பமும் சேர்ந்துகொள்ள, 35 டாலருக்கு விற்ற ராஸ்பெர்ரி பை 4 போர்டின் விலையை அந்த நிறுவனமே 2021 அக்டோபரில் தற்காலிகமாக 45 டாலராக்கியது. வெளிச்சந்தையில் அது நூறு டாலரைத் தாண்டியது. அந்தப் பஞ்சத்தில் பெரிய நிறுவனங்களுக்கு முதல் பந்தி. பள்ளிக்கூடப் பையன் வரிசையின் கடைசியில்.

போலிகளின் காலம்

எது அரிதோ, எதற்குக் கிராக்கியோ, அதற்குப் போலி வந்துவிடும். நம் ஊர் ஆம்ப்ளிஃபயர்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோயில் திருவிழா மைக் செட்டிலிருந்து வீட்டு சப்-ஊஃபர் வரை '5200-1943 போர்டு' என்றால் எல்லோருக்கும் தெரியும். தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற ஜோடி டிரான்சிஸ்டர்கள் அவை. அச்சு அசலாக அதே எழுத்து, அதே உருவம், உள்ளே மட்டும் சின்ன சிலிக்கான் துண்டு வைத்த போலிகள் கூடை கூடையாகப் புழங்குகின்றன. மெதுவாகப் பாடும்போது ஒன்றும் தெரியாது. வால்யூமை ஏற்றினால் வெடிக்கும், கூடவே ஸ்பீக்கரையும் கொண்டுபோகும். பழைய 2என்3055 உலோகத் தொப்பி டிரான்சிஸ்டரிலும் இதே ஏமாற்று பல ஆண்டுகளாக நடக்கிறது. அதன் தொப்பியை அறுத்துப் பார்த்தால் கதை வெளிப்பட்டுவிடும். அறுக்காமல் பார்க்க வேண்டுமென்றால், கண்டென்சர் அளக்கும் மீட்டரில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே அளந்து, அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிடலாம். உள்ளே துண்டு சிறியதாக இருந்தால் அளவும் குறைவாகவே காட்டும்.

ஐ.சி.களில் ஏமாற்று இன்னும் நுணுக்கமானது. மலிவான ஒன்றின் மேற்பரப்பைத் தேய்த்து, கறுப்பு பூசி, விலையுயர்ந்த எண்ணை அச்சடித்துவிடுகிறார்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் அழுத்தித் துடைத்தால் சிலவற்றில் அந்தக் கறுப்பு கையோடு வந்துவிடும். எஃகுக் குழாயில் அடைத்து 'வாட்டர் புரூஃப்' என்று விற்கப்படும் டி.எஸ்.18பி20 வெப்பமானிகளில் பெரும்பாலானவை அசல் நிறுவனத்தின் சிப்பே அல்ல. வீட்டு மீன் தொட்டிக்கு அது போதும். அடைகாப்புப் பெட்டிக்கு வைக்கும் முன் நல்ல வெப்பமானியோடு வைத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

போலியின் தண்டனையை யார் சுமக்கிறார்கள் என்பதை 2014 அக்டோபரில் உலகம் பார்த்தது. எஃப்.டி.டி.ஐ. நிறுவனம், தன் யு.எஸ்.பி. சிப்பின் போலிகளை ஒழிக்கப் புதிய டிரைவர் மென்பொருளை வெளியிட்டது. அது விண்டோஸ் அப்டேட் வழியாகக் கணினிகளுக்குள் வந்து, போலிச் சிப்பின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கியது. அதன்பின் கணினிக்கு அந்த போர்டு இருப்பதே தெரியவில்லை. போலியைச் செய்தவனுக்கோ, விற்றவனுக்கோ ஒரு நட்டமும் இல்லை. அசல் என்று நம்பி வாங்கிய மாணவரின் ஆர்டுயினோ போர்டுதான் செத்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது. தன் உழைப்பைத் திருடியவர்கள் மீது அந்த நிறுவனத்துக்கு இருந்த கோபம் நியாயம். அதைக் காட்டிய இடம் தவறு.

எண்ணுக்குள் இருக்கும் செய்தி

பாகம் தேடுகிறவருக்கு முதலில் வேண்டிய அறிவு, அந்தப் பாகத்தின் எண் என்ன சொல்கிறது என்பது. ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ஏ என்றால் ஜெர்மேனியம், பி என்றால் சிலிக்கான். இரண்டாம் எழுத்து சி என்றால் ஒலி அலைவரிசையில் சிறு வேலை, எஃப் என்றால் ரேடியோ அலைவரிசை, டி என்றால் ஒலியில் பெரிய பவர். அப்படியானால் ஏசி128 ஒரு ஜெர்மேனியம் ஒலி டிரான்சிஸ்டர், பிஎஃப்194 ஒரு சிலிக்கான் ரேடியோ டிரான்சிஸ்டர் என்று புத்தகத்தைத் திறக்காமலே சொல்லிவிடலாம். ஜப்பானிய முறையில் 2எஸ்ஏ, 2எஸ்பி இரண்டும் பி.என்.பி. வகை, 2எஸ்சி, 2எஸ்டி இரண்டும் என்.பி.என். வகை. டிரான்சிஸ்டரின் மேல் வெறும் சி945 என்று அச்சிட்டிருந்தால் அது 2எஸ்சி945.

இது தெரிந்தவர் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வியே மாறிவிடும். "பிஎஃப்194 இருக்கா?" என்று கேட்டு இல்லையென்றால் திரும்பி வரமாட்டார். "ரேடியோ வேலைக்குச் சின்ன என்.பி.என். எது இருக்கு?" என்பார். பிஎஃப்494 கையில் கிடைக்கும், கால்களின் வரிசையை மட்டும் சரிபார்த்துப் போட்டுவிடலாம். பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ஈக்விவேலன்ட் புத்தகத்தைக் கடையிலேயே வைத்திருந்தது இதற்காகத்தான். ஆங்கிலம் சரளமாக வராத பலர் டேட்டாஷீட்டின் எண்களை மட்டும் பார்த்தே இந்த மாற்றைச் சரியாகச் செய்தார்கள். அவர்களின் அந்தத் திறமைக்கு உரிய மரியாதையை நாம் கொடுத்ததில்லை.

மாற்று இல்லாத பாகங்களும் உண்டு, மறுக்கவில்லை. 1966-ல் லண்டனில் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் என்ற கிடார் பெடல் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில் ஓடியது. அந்தக் கரகரப்பு வேண்டுமென்றால் இன்றும் ஜெர்மேனியம்தான் போட வேண்டும். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-லேயே ஜெர்மேனியம் பாகங்கள் தயாரிக்கத் தொடங்கியது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களில் அவை இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. பேட்டரி இல்லாமல் பாடும் கிரிஸ்டல் ரேடியோவுக்கான ஜெர்மேனியம் டயோடும் அப்படித்தான். 1என்34ஏ என்று விற்கப்படுவதில் பல, உண்மையில் ஷாட்கி டயோடுகள். மல்டிமீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டும் என்பதால் ஏமாறுவது எளிது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசலில் கண்ணாடிக்குள் மெல்லிய கம்பி ஒன்று வளைந்து வந்து படிகத்தைத் தொடுவது தெரியும். சும்மா ரேடியோ பாடினால் போதும் என்பவர், ஷாட்கி என்றே எழுதி விற்கும் பிஏடி85-ஐக் குறைந்த விலையில் வாங்கிப் போட்டுவிடலாம்.

குழாய் வாஷரில் சுற்றிய காயில்

இந்தத் தேடலுக்கு இந்தியாவிலிருந்து கிடைத்த மிகச் சிறந்த விடை ஹைதராபாதில் பிறந்தது. அஷர் ஃபர்ஹான் என்ற ஹாம் (அழைப்புக் குறி வியூ2ஈஎஸ்ஈ), 2000களின் தொடக்கத்தில் பிட்எக்ஸ் என்ற டிரான்ஸீவரை வடிவமைத்தார். ஒரே கருவியில் ஒலிபரப்பவும் கேட்கவும் செய்யலாம். வெளிநாட்டுப் புத்தகங்களில் வரும் இத்தகைய சர்க்யூட்டுகள் எல்லாம் அமெரிக்க டொராய்டு வளையங்களைக் கேட்கும். காயில் சுற்றும் அந்தக் காந்த வளையம் நம் ஊர்க் கடைகளில் கிடைக்காது. அதை எங்கே தேடி வாங்குவது என்று ஃபர்ஹான் எழுதவில்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷரில் காயிலைச் சுற்றினார். காந்தத்தன்மை இல்லாததால் சுற்று எண்ணிக்கை கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். எந்தக் குக்கிராமத்து ஹார்டுவேர் கடையிலும் அந்த வாஷர் இருக்கும்.

மற்ற இடங்களிலும் அதே அணுகுமுறைதான். பவர் பகுதிக்கு விலையுயர்ந்த ரேடியோ டிரான்சிஸ்டர் கேட்காமல், ஸ்விட்சிங் வேலைக்கென்று தயாரான மலிவான ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டைப் போட்டார். டிரான்ஸ்ஃபார்மர்களை டி.வி. பேலன் (balun) கோரில் சுற்றினார். ஃபில்டருக்கு, கணினி போர்டுகளுக்காக மலை மலையாகத் தயாரான 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களை எடுத்து, ஒத்துப்போகிறவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். இவ்வளவையும் விளக்கி, யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார். டொராய்டு எளிதாகக் கிடைக்கும் நாடுகளில் உள்ளவர்களும் இதைக் கட்டினார்கள். பின்னாளில் இதே வழியில் வந்த பிட்எக்ஸ்40 போர்டுகள் ஹைதராபாதிலிருந்து பல நாடுகளுக்குப் போயின. (ஒலிபரப்ப ஹாம் உரிமம் கட்டாயம்.)

பாகம் கிடைக்காத தேசத்தில் இருந்துகொண்டு, அந்தக் குறையையே வடிவமைப்பின் விதியாக வைத்த வேலை இது. நம் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கவேண்டிய சர்க்யூட் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இப்படி யோசித்தால் இன்னும் பல கதவுகள் திறக்கும். ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கும் கேங் கண்டென்சர் கிடைக்கவில்லையா? மின்சார அடாப்டர்களில் எல்லாம் இருக்கும் சாதாரண 1என்4007 டயோடுக்குத் தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்தால், அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் சிறிய கண்டென்சராக அது வேலை செய்யும். காயில் சுற்ற எனாமல் கம்பி வேண்டுமா? எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். மோட்டார் வைண்டிங் கடையில் எந்த கேஜ் வேண்டுமோ அந்த கேஜில் எடைபோட்டுத் தருவார்கள். பம்புசெட்டுக்குப் பேர்போன கோவையில் அது ஒரு பொருட்டே அல்ல. தொடக்கத்தில் கேட்ட அந்த 2என்2646-க்கும் வழி உண்டு. ஒரு பிசி547, ஒரு பிசி557 இரண்டின் பேஸையும் கலெக்டரையும் குறுக்காக இணைத்து, இரண்டு ரெசிஸ்டர் சேர்த்தால் அது உண்டாக்கும் அதே மின்துடிப்பைத் தரும் சர்க்யூட் கிடைத்துவிடும். மொத்தச் செலவு ஒரு டீ விலை.

காயலான் கடையும் கஸ்டம்ஸும்

அரிய பாகங்களின் பெரிய களஞ்சியம் காயலான் கடைதான். எரிந்துபோன ஒரு சி.எஃப்.எல். பல்புக்குள் 400 வோல்ட் கண்டென்சர், ஒரு டயாக், இரண்டு ஹை-வோல்டேஜ் டிரான்சிஸ்டர்கள், ஒரு சின்ன ஃபெரைட் வளையம் எல்லாம் இருக்கும். கண்ணாடிக் குழாயை மட்டும் உடைத்துவிடக் கூடாது, உள்ளே பாதரசம். கணினி எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் பெரிய வளையங்கள் கிடைக்கும். பழைய கலர் டி.வி.யில் 4.43 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். பழைய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை மட்டும் நம்பாதீர்கள், உள்ளே காய்ந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பின் கண்டென்சர், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவு சக்தியை வைத்திருக்கக்கூடும். அனுபவமில்லாதவர்கள் அதைத் திறக்கவே வேண்டாம். பழைய ஒலிபரப்பிகளில் உள்ள வெள்ளைப் பீங்கான் வைத்த பவர் டிரான்சிஸ்டர்களை உடைக்கவோ அரைக்கவோ கூடாது. அந்தப் பீங்கான் பெரிலியம் ஆக்சைடாக இருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பது கடந்த சில ஆண்டுகளில் கடினமாகிவிட்டது. 2019 டிசம்பரில், பரிசுப் பொருள் என்ற பெயரில் வரி இல்லாமல் சிறு பொட்டலங்கள் வருவதை மத்திய அரசு நிறுத்தியது. 2020 நவம்பரில் தடைசெய்யப்பட்ட 43 செயலிகளில் அலிஎக்ஸ்பிரஸ்ஸும் ஒன்று. தபால் செலவில்லாமல் ஒற்றை பீஸ் வாங்க மாணவர்களுக்கு இருந்த முக்கிய வழி அது. பரிசு என்று பொய் எழுதி வியாபாரச் சரக்கு வந்தது உண்மைதான், அரசுக்குக் காரணம் இருந்தது. ஆனால் இன்று ஐம்பது ரூபாய் சிப்புக்கு கூரியர் கட்டணமும் கஸ்டம்ஸ் தீர்வையும் ஆவணக் கட்டணமும் சேர்ந்து அதைப்போலப் பல மடங்கு ஆகிறது. கல்விக்கும் சோதனைக்கும் வரும் மிகச் சிறிய மதிப்புள்ள பாகங்களுக்குத் தனி வழி ஒன்றை அரசு யோசிக்க வேண்டும். சிப் தொழிற்சாலைகளுக்குப் பல்லாயிரம் கோடி ரூபாய் ஊக்கத்தொகை தரும் நாட்டில் இது பெரிய கோரிக்கை அல்ல. நாளை அந்த ஆலைகளில் வேலை செய்ய வேண்டியவர்கள் இன்று ஒற்றை பீஸுக்காக அலைகிறார்கள்.

கல்லூரிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். எஸ்எல்100, பிஎஃப்டபிள்யூ10, 2என்2646 என்று சந்தையில் மறைந்துவரும் எண்களையே பல ஆய்வகக் கையேடுகள் இன்னமும் அச்சிட்டுக்கொண்டிருக்கின்றன. மாணவர் அதே எண்ணைத் தேடி அலைந்து, கடைசியில் ஏதோ ஒரு போலியை அதிக விலைக்கு வாங்கிவருகிறார். கையேட்டைத் திருத்த ஒரு நாள் போதும். ஆய்வக அலமாரிகளில் யாரும் தொடாமல் கிடக்கும் பழைய பாகங்களைக் கழிவு என்று எடைக்குப் போடாமல், கேட்டு வருகிற மாணவர்களுக்கும் ரேடியோ பழுது பார்ப்பவர்களுக்கும் கொடுக்கலாம்.

ரிச்சி தெருவில் பாகம் விற்கும் கடைகள் செல்போன் உதிரிக்கும் கேமராவுக்கும் இடம்விட்டு மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. இரண்டு ரூபாய் ரெசிஸ்டருக்காகப் பத்து டப்பாவைத் திறந்து தேடித்தரும் கடைக்காரருக்கு, அந்த வியாபாரத்தில் கிடைப்பது சொற்பம். இணையத்தில் நாலணா குறைவு என்று அவரைத் தவிர்த்தால், அவசரத்துக்கு ஒரு பீஸ் கேட்க அந்தக் கடை அங்கே இருக்காது.

சர்க்யூட் எழுதி வெளியிடும் ஆசிரியர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் கடைசியாக ஒரு வேண்டுகோள். படத்தில் பாகத்தின் எண்ணை மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். அந்த இடத்தில் அது செய்யும் வேலை என்ன, அது கிடைக்காவிட்டால் எந்த இரண்டு எண்களைப் போடலாம், கால்களின் வரிசை எப்படி மாறும் என்பதையும் கூடவே எழுதுங்கள். மூன்று வரி போதும்.